பண்டிகைக் காதல் கதை எழுதுவது எப்படி: பினாங்கை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு பண்பாடு, ஒரு பண்டிகைக் காலம், ஒரு காதல். இந்த வகைக் கதையை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் காதலில்தான் தொடங்குகிறார்கள். பாதி தாண்டியதும் தட்டுத்தடுமாறி நிற்கிறார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். ஒரே கதையை மூன்று முறை முதலிலிருந்து எழுதிய பிறகுதான் எந்த வேலையை முன்னால் செய்ய வேண்டும் என்பது பிடிபட்டது.

வாசகருக்கு இதில் என்ன ருசி என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும். அடுத்த வீட்டுப் பண்டிகையை உள்ளே போய்ப் பார்க்கும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. காதல் அதற்கு ஒரு நல்ல சாக்கு. வாசலில் நின்ற விருந்தாளி எப்போது அந்த வீட்டு அடுப்படிவரை போகிறாள் என்பதுதான் கதை. யார் யாரை எப்போது காதலிக்கிறார்கள் என்பது அதன் மேல் பூசும் நெய்.

மாதிரிக்கு மலேசியாவின் பினாங்கு தீவை எடுத்துக்கொள்கிறேன். அங்கே தமிழர்களும் ஹொக்கியன் மொழி பேசும் சீனர்களும் தலைமுறை தலைமுறையாக அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் இதே வரிசை பொருந்தும்.

எழுத உட்காரும் முன்

மூன்று பொருள் வேண்டும். கதை நடக்கும் வருடத்தின் நாட்காட்டி ஒன்று. இரண்டு வீட்டிலிருந்தும் கேள்வி கேட்க ஆளுக்கு ஒருவர். ஒரு நோட்டு.

கேட்க வேண்டிய கேள்வி, "உங்கள் பண்டிகையின் பொருள் என்ன?" என்பதல்ல. அதற்குப் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி ஒரு பதில் வரும், கதைக்கு உதவாது. "பண்டிகைக்கு முந்தைய நாள் உங்கள் வீட்டில் யார் யாரைத் திட்டுவார்கள்?" என்று கேளுங்கள். அரைமணி நேரம் பேசுவார்கள்.

1. முதலில் நாட்காட்டி

இந்த வகைக் கதைக்குக் கடிகாரம் பண்டிகைதான். தேதி தவறினால் கதை தவறும். தைப்பூசத்தையும் சீனப் புத்தாண்டையும் ஏதோ ஒரு ஜனவரியில் அருகருகே வைத்து எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே நிலவைப் பார்த்து வருவதால், எந்த வருடத்தில் எது முந்தும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். 2024இல் தைப்பூசம் ஜனவரி 25, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10. பூசம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் புத்தாண்டே வந்தது.

நான் 2023ஐத் தேர்ந்தெடுத்தேன். காரணத்தை நாட்காட்டியே சொல்லும். ஜனவரி 15 பொங்கல். 21 இரவு சீனக் குடும்பங்கள் ஒன்றுகூடிச் சாப்பிடும் விருந்து. 22 புத்தாண்டு முதல் நாள். 29 நள்ளிரவில் ஹொக்கியன் மக்கள் தி கொங் என்னும் வானக் கடவுளுக்குச் செய்யும் வழிபாடு, அதாவது ஒன்பதாம் நாள் பிறக்கும் நேரம். பிப்ரவரி 5 தைப்பூசம். அதே பிப்ரவரி 5தான் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மே. பினாங்கில் கல்யாணமாகாத பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டிக் கடலில் ஆரஞ்சுப் பழம் எறியும் நாள் அது.

பொங்கல் முதல் பூசம்வரை 22 நாள். இதைவிட நல்ல கதைச் சட்டகத்தை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தாளில் 22 கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் எந்த வீட்டில் என்ன வேலை நடக்கும் என்று எழுதிவிடுங்கள். காதலைப் பற்றி இப்போதைக்கு ஒரு வரிகூட வேண்டாம்.

2. இடத்தைச் சுருக்குங்கள்

நாயகி கோலாலம்பூரில், நாயகன் பினாங்கில், நடுவில் ஒரு விமானம் என்று ஆரம்பித்தால் பாதிக் கதை பயணத்திலேயே போய்விடும். ஒருவர் சமையல் வாசனை இன்னொருவர் மூக்கில் ஏறும் தூரத்தில் இருவரையும் வையுங்கள்.

என் கதையில் அவள் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்காரர் மகள். அவன் குடும்பம் சியூ ஜெட்டியில், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகளில் ஒன்றில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பத்து, பதினைந்து நிமிட நடை. பூசத்துக்கு முந்தைய நாள் லிட்டில் இந்தியாவிலிருந்து தேர் கிளம்பி, முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் போகும். தி கொங் இரவில் ஜெட்டியின் முகப்பில் நீண்ட மேசை போட்டுப் படையல் வைப்பார்கள். இரண்டு காட்சிக்கும் அவர்கள் நடந்தே போய்விடலாம்.

3. இருவரையும் ஒரு வேலையில் மாட்டிவிடுங்கள்

மழையில் மோதிக்கொள்வது, காபி கொட்டுவது எல்லாம் வேண்டாம். பண்டிகைக் கதையில் சந்திப்புக்குப் பண்டிகையே காரணமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காதலை எந்த மாதத்திலும் நடத்தலாமே!

இங்கே எனக்குக் கை கொடுத்தது கரும்பு. பொங்கலுக்கு நமக்குத் தோகையோடு முழுக் கரும்பு வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஹொக்கியன் வீடுகளுக்கும் தோகையோடு முழுக் கரும்பு வேண்டும். முன்னொரு காலத்தில் எதிரிகளிடமிருந்து தப்பிக் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்திருந்த அவர்கள் முன்னோர், ஒன்பதாம் நாள் வெளியே வந்தார்களாம். அதனால் படையல் மேசையின் இரு பக்கமும் கரும்பைக் கட்டுவார்கள். நாம் கரும்பைக் கடித்துத் துப்புகிறோம். அங்கே பல வீடுகளில் வழிபாடு முடிந்ததும், சாமிக்கு எரிக்கும் தங்கத்தாளோடு சேர்த்து நெருப்பில் போடுகிறார்கள்.

ஆகவே நாயகன் கரும்பு விற்கிறான். ஜனவரி 14 காலை அவள் பேரம் பேச வருகிறாள். தோகை ஒடிந்த கரும்பை அவன் தள்ளிவிடப் பார்க்கிறான். அவள் வாங்க மறுக்கிறாள். "சாமிக்குத்தானே, தோகையைச் சாமியா தின்னப்போகுது?" என்கிறான். "உங்க வீட்டுச் சாமிக்கு ஒடிஞ்சதைக் கட்டுவீங்களா?" என்று கேட்கிறாள். அவன் சத்தமில்லாமல் உள்ளே போய் நல்லதாக இரண்டு எடுத்து வருகிறான். அவ்வளவுதான், கதை கிளம்பிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே பொருளில் மரியாதை உண்டு என்பது வாசகருக்குத் தெரிந்துவிட்டது.

4. முட்டுக்கட்டையை நாட்காட்டியில் தேடுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. எதிர்ப்பு வேண்டுமே என்று அப்பாவை வில்லனாக்குகிறார்கள். அவர் மூன்று பக்கம் கத்துகிறார், பத்தாம் அத்தியாயத்தில் திடீரென்று மனம் மாறுகிறார். அந்த மாற்றத்தை யாரும் நம்புவதில்லை. இன்னொன்று, அப்பா வில்லனானால் அந்த வீட்டுப் பண்டிகை கசந்துபோகும். வாசகர் எதைப் பார்க்க வந்தாரோ அதையே நாம் கெடுத்தால் எப்படி?

இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு வீடுமே நல்ல வீடு, ஆனாலும் நாள் ஒத்துவரவில்லை. இந்த மாதிரி முடிச்சு போடுங்கள். என் நாயகி பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறாள். ஜனவரி 16இலிருந்து விரதம். சைவம்தான், முட்டைகூடக் கூடாது. சீனப் புத்தாண்டின் பதினைந்து நாளும் அந்த விரதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அவன் வீட்டில் சாப்பாடு இல்லாமல் அன்பு காட்டத் தெரியாது. "சியாக் பா போயே?" என்றுதான் வரவேற்பார்கள். நாம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது போலத்தான். அவளோ எதையும் தொட முடியாது. யார் மேலும் குற்றமில்லை, ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் இழுபறி உண்டு.

இதை அவிழ்க்கும் நூலும் அதே வீட்டில் கிடைக்கிறது. பௌத்த வழக்கமுள்ள சீனக் குடும்பங்கள் பலவற்றில் புத்தாண்டு முதல் நாள் சைவம்தான் சாப்பிடுவார்கள். குவான் யின் தேவியை வணங்குகிறவர்களில் நிறையப் பேர் மாட்டிறைச்சியைத் தொடுவதே இல்லை. பன்றிக்கறிக்குப் பயந்து நடுங்கிக்கொண்டே முதல் நாள் காலையில் போகிறாள் நாயகி. அவள் முன்னால் ஒரு தட்டு சைவ நூடுல்ஸ் வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் அதேதான். அவளுக்காகத் தனியாக எதுவும் செய்யவில்லை என்பதில்தான் அழகு. தனியாகச் செய்திருந்தால் அவள் விருந்தாளி. ஒரே சட்டியிலிருந்து வந்ததால் பாதி வீட்டு ஆள்.

இந்த ஒரு தட்டைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதமானது. அதற்கு முன் எழுதிய பிரதியில் அவள் தலைவலி என்று பொய் சொல்லித் தப்பித்தாள். படித்தவர்களுக்கு நிஜமாகவே தலைவலி வந்தது.

5. வாசல், ஹால், அடுப்படி, பந்தி

கதையின் முதுகெலும்பு இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வாசல் எல்லோருக்கும் உரியது. ஹால் விருந்தாளிக்கு. மலேசியாவில் திறந்த இல்ல உபசரிப்பு என்று ஒரு நல்ல வழக்கம் உண்டு. பண்டிகை நாளில் இனம் பார்க்காமல் யார் வந்தாலும் உட்காரவைத்து உபசரிப்பார்கள். அதனால் ஒரு சீன வீட்டு ஹாலில் தமிழ்ப் பெண் உட்கார்வது அங்கே பெரிய செய்தியே இல்லை. அதையே உச்சக் காட்சியாக எழுதினால் மலேசிய வாசகர் கொட்டாவி விடுவார்.

அடுப்படிக்குப் போவதுதான் செய்தி. "நீ உட்காரும்மா" என்பது உபசாரம். "அந்தக் கரண்டியை எடு" என்பது உறவு. இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் வர வேண்டும், அதை எந்த நாளில் வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

பந்தி கடைசி. புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்து குடும்பத்துக்கே உரியது, வெளியாளைக் கூப்பிடுவது வழக்கமில்லை. எனக்கு வந்த ஒரு கதையில் இரண்டாம் அத்தியாயத்திலேயே நாயகி அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தவள் சீனப் பையனின் மனைவி ஆனது போலத்தான். அதற்குப் பிறகு எழுத என்ன இருக்கிறது?

அடுப்படிக் காட்சிக்கு நான் எடுத்தது அச்சு முறுக்கு. நாம் தீபாவளிக்குச் சுடுகிறோம். மலாய் வீடுகளில் குவே ரோஸ் என்று நோன்புப் பெருநாளுக்குச் சுடுகிறார்கள். சீன வீடுகளில் தேன்கூடு மாதிரி இருக்கிறது என்று அந்தப் பெயரிலேயே புத்தாண்டு டின்களில் அடைக்கிறார்கள். ஒரே அச்சு, மூன்று பண்டிகை.

காட்சி ஜனவரி 28. வந்து போனவர்கள் டின்களைக் காலி செய்துவிட்டார்கள். தி கொங் படையலுக்கு இன்னொரு ஈடு சுட வேண்டும். ஆ மா, அதாவது பாட்டி, அடுப்பு முன்னால் தடுமாறுகிறாள். மாவு அச்சைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது. நாயகி ஹாலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் காரணம் தெரியும். அச்சு எண்ணெயில் கிடந்து நன்றாகச் சுட வேண்டும். பிறகு மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். மேல்விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் முறுக்கு அச்சைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், தட்டினாலும் விழாது. அவள் எழுந்து போகிறாள். பாட்டி கையிலிருந்து அச்சுக்கம்பியை வாங்கவில்லை, பாட்டி மணிக்கட்டைப் பிடித்து அளவாக நிறுத்துகிறாள். சொய்ங் என்று முறுக்கு கழன்று மிதக்கிறது. பாட்டி திரும்பிப் பார்க்காமலே அடுத்த பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்துகிறாள்.

அந்த மாவில் முட்டை இருக்கிறது. இவள் விரதம். சுட்டது முழுவதும் இவள், ஒன்றைக்கூட வாயில் போட முடியாது. அவன் தின்றுவிட்டு ருசி எப்படி என்று சொல்கிறான், அதுவும் சரியாகச் சொல்லத் தெரியாமல். இந்த இடத்தில் காதல் என்ற சொல்லை எழுதாதீர்கள். எழுதினால் முறுக்கு நமுத்துவிடும்.

6. தடை சொல்லும் கேள்விகள் சிரிப்பாக வரட்டும்

பெரியவர்கள் விசாரிக்கத்தான் செய்வார்கள், அதை மறைக்க வேண்டாம். ஜெட்டியில் வீடுகள் குலப்பெயரால் பிரிந்தவை. சியூ ஜெட்டியில் சியூக்கள். ஒரே குலப்பெயருக்குள் பெண் எடுக்கக்கூடாது என்பது பழைய சீன வழக்கம். அதனால் ஆ மா முதலில் கேட்பது மதத்தையல்ல, "உன் குலப்பெயர் என்ன?" என்பதைத்தான். தமிழ்ப் பெண்ணுக்கு ஏது குலப்பெயர்? அப்பா பெயரைச் சொல்கிறாள். "அது அப்பா பெயர், உன் பெயர் எங்கே?" என்கிறாள் பாட்டி. அரைப் பக்கம் இந்தக் குழப்பம் ஓடட்டும். இந்தப் பக்கம் பெண்ணின் அத்தையோ முறைமாமன் மகன் இருக்கிறானே என்று மூக்கைச் சிந்துகிறாள். அங்கே சொந்தக் குலத்தில் கூடாது, இங்கே சொந்தத்துக்குள்தான் வேண்டும். இரண்டையும் எதிரெதிரே வைத்தாலே போதும், நீங்கள் கருத்துச் சொல்ல வேண்டியதில்லை.

7. யார் எந்த மொழியில் பேசுகிறார்கள்

எல்லோரும் மதுரைத் தமிழ் பேசினால் ஊர் போய்விடும். பக்கத்துக்குப் பத்து ஹொக்கியன் சொல் தூவினால் வாசகர் போய்விடுவார். ஒவ்வொரு ஜோடிக்கும் எந்த மொழி என்று முதலில் தீர்மானித்து, கதையில் ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். பாட்டியும் நாயகியும் கடைத்தெரு மலாயில் பேசுகிறார்கள். அவளும் அவனும் ஆங்கிலமும் மலாயும் கலந்து. வீட்டில் அவள் தமிழ்.

அப்புறம் எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதப்போகிறீர்கள். வித்தியாசம் வாக்கிய நீளத்தில் தெரிய வேண்டும். கடைத்தெரு மலாய்க்கு நான் மூன்று, நான்கு சொல்லுக்கு மேல் போவதில்லை. "இது நல்லது. நீ எடு. காசு வேண்டாம்." அம்மாவிடம் பேசும்போது அதே பெண்ணின் வாக்கியம் நீண்டு வளைந்து வரும். உறவுச் சொற்களை மட்டும் அப்படியே விடுங்கள். ஆ மா, ஆ கோங் (தாத்தா) என்பவற்றை வாசகர் இரண்டாம் முறையே புரிந்துகொள்வார்.

8. விளக்கத்தைக் கை வேலையில் கரையுங்கள்

ஆரஞ்சுப் பழத்தை ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும், கல்யாணமானவர்கள்தான் அங் பாவ் (சிவப்பு உறையில் பணம்) கொடுப்பார்கள், நான்கு என்ற எண் ஆகாது என்றெல்லாம் ஒரு பத்தி எழுதினால் அது சுற்றுலாக் கையேடு. ஒரு பாத்திரம் தவறு செய்யட்டும். அவள் நான்கு பழத்தோடு வருகிறாள், வாசலிலேயே அவன் இரண்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். விளக்கம் அதிலேயே முடிந்தது. கிளம்பும்போது அவர்கள் வேறு இரண்டு பழம் திருப்பிக் கொடுக்க, இவள் வேண்டாம் வேண்டாம் என்று மறுத்து மானத்தை வாங்குகிறாள்.

ஒரு காட்சிக்கு ஒரு வழக்கம். அதற்கு மேல் திணிக்காதீர்கள்.

9. சட்டத்தை ஒரு முறை சரிபாருங்கள்

இது சுருக்கமாக. மலேசியாவில் முஸ்லிம் அல்லாத இருவர் மதம் மாறாமலே பதிவுத் திருமணம் செய்யலாம். அதற்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒருவர் முஸ்லிம் என்றால் மற்றவர் இஸ்லாத்தைத் தழுவாமல் அங்கே திருமணம் நடக்காது. ஆகவே நாயகன் மலாய்க்காரன் என்று வைத்தால் அந்தக் கேள்வியை நேருக்கு நேர் எழுதத்தான் வேண்டும். பெருநாள் விளக்கு, ரெண்டாங் கறி, வானவேடிக்கை என்று மூடி மறைத்துவிட்டுக் கடைசி வரியில் கல்யாணம் நடத்தினால், ஊர்க்காரர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

10. பூசத்தன்று அவனை என்ன செய்வது

பினாங்கில் சீனர்கள் தேருக்கு முன் தேங்காய் உடைப்பதும் பால்குடம் எடுப்பதும் புதிதல்ல. அதனால் நாயகனும் குடம் தூக்கிக் கண்ணீர் விட்டு முருகா என்று கூவுவதாக எழுத ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அவள் அவன் வீட்டில் என்னவாக இருந்தாளோ அதே அளவுக்குத்தான் அவனும் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் உதவியாள், இன்னொரு வீட்டில் பக்தன் என்றால் தராசு சாய்ந்துவிடும்.

நான் அவன் கையில் அவள் செருப்பைக் கொடுத்தேன். அவள் வெறுங்காலில் தண்ணீர்மலை ஏறுகிறாள். அவன் செருப்பு, பை, தண்ணீர் பாட்டில் மூன்றையும் சுமந்துகொண்டு கூட்டத்தில் இடிபட்டு வருகிறான். நடுவில் அவள் அம்மா, "தம்பி, இதையும் பிடிங்க" என்று இன்னொரு பையைத் தள்ளுகிறாள். ஆ மா பாத்திரத்தை நகர்த்தியதற்கு இது பதில்.

11. முடிவு

இந்த வகையில் இருவரும் சேர்வார்கள் என்பது வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும், அதற்காகத்தான் வாங்குகிறார். அதை மாற்றிப் புதுமை செய்ய வேண்டாம். எப்படிச் சேர்கிறார்கள் என்பதை மட்டும் முன்னால் விதைத்த பொருளிலிருந்து எடுங்கள்.

சாப் கோ மே மாலை அவள் கையில் ஒரு ஆரஞ்சு இருக்கிறது. கடற்கரையில் மற்றப் பெண்கள் எறிகிறார்கள். முதல் பிரதியில் இவளும் எறிந்தாள், அவன் குதித்து எடுத்தான். சினிமாத்தனம். இப்போதைய பிரதியில் அவள் பழத்தைப் பையில் போட்டுக்கொள்கிறாள். விரதம் முடிந்த அன்று அவன் அவள் பூக்கடைக்கு வந்து ஒரு சின்ன டின்னை நீட்டுகிறான். 28ஆம் தேதி சுட்ட அச்சு முறுக்கு, வீட்டில் எல்லோர் கையிலிருந்தும் ஒளித்து வைத்தது. அவள் ஒன்றைக் கடிக்கிறாள். "நீ சொன்ன ருசி இது இல்லையே" என்கிறாள்.

2024 பிப்ரவரி 9 இரவு விருந்தில் அவளுக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்கள் என்று பின்னுரையாக அரைப் பக்கம் சேர்க்கலாம். நான் சேர்த்தேன், பிறகு எடுத்துவிட்டேன்.

12. இரண்டு வீட்டிலும் படிக்கக் கொடுங்கள்

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஆளுக்கு ஒரு பிரதி. நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "எங்கே இது உங்கள் வீடு இல்லை என்று தோன்றியது?" என்று கேளுங்கள்.

என் பிரதியில் புத்தாண்டு முதல் நாள் காலை பட்டாசுக் குப்பையை ஆ மா பெருக்கிக்கொண்டிருந்தாள். முதல் நாள் துடைப்பத்தைத் தொட்டால் வருகிற அதிர்ஷ்டத்தையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளியதாக அர்த்தம். படித்த சீன நண்பர் அந்த வரியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, "பாட்டி இந்த வீட்டுக்காரிதானா?" என்று எழுதி அனுப்பினார். துடைப்பத்தை எடுத்து மூன்றாம் நாள் காட்சிக்கு மாற்றினேன். குப்பை இரண்டு நாள் வாசலில் கிடந்தது. காலில் ஒட்டிய சிவப்புக் காகிதத்தோடு நாயகி தன் வீட்டுக்குள் போகிற காட்சி அப்படி வந்ததுதான்.